டர்போ, அதிர்வு, தொப்பூர் இறக்கம்: ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் கேள்வி பதில்

கேள்வி: கிரானைட் கல் ஏற்றும் என் பழைய லாரியில் டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் இன்ஜின் உள்ளது. அதே வகையில் டர்போ உள்ள இன்ஜினும் வந்திருப்பதால், பழைய டர்போ ஒன்றை வாங்கிப் பொருத்தினால் இழுவை கூடும் என்கிறார்கள். பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த இன்ஜினின் உடல்) ஒன்றுதானே, பொருத்தலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பொருத்தவே கூடாது. பிளாக் ஒன்றாக இருக்கலாம். அதற்குள் இருப்பவை ஒன்றல்ல. டாட்டாவின் 697 இன்ஜினையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணில் 6 என்பது சிலிண்டர்களையும், 97 என்பது போரின், அதாவது சிலிண்டர் துளையின் விட்டத்தின், மில்லிமீட்டர் அளவையும் குறிக்கும். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 128 மில்லிமீட்டர். ஆறு சிலிண்டரும் சேர்ந்து 5,675 சி.சி. மெர்சிடிஸ் பென்ஸின் ஓஎம் 352 இன்ஜினுக்கும் இவையே அளவுகள். இந்த அளவுகளை மாற்றாமலேயே, டர்போ இல்லாதது, டர்போ உள்ளது, டர்போவுடன் இன்டர்கூலரும் உள்ளது என 697 பல வகைகளாக வந்தது.

வகைக்கு வகை சக்தி கூடுவதற்குக் காரணம் காற்று. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அழுத்தும்போது சூடேறும் காற்றை இன்டர்கூலர் குளிர்வித்து அடர்த்தியாக்குவதால், அதே சிலிண்டருக்குள் இன்னும் அதிகக் காற்று அடங்கி, அதற்கேற்ப அதிக டீசலை எரிக்க முடிகிறது. அதிகம் எரிந்தால் வெப்பமும் அழுத்தமும் பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், பேரிங் ஆகிய அனைத்தின் மேலும் கூடும். அதைத் தாங்குவதற்காகவே தொழிற்சாலையில் டர்போ இன்ஜினுக்கு வேறு பிஸ்டன், குறைந்த கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற அளவு), டீசலைப் பீய்ச்சும் வேறு நாசில், வேறு டீசல் பம்ப் அமைப்பு, கூடுதல் ஆயில் ஓட்டம் ஆகியவற்றைக் கொடுக்கிறார்கள். இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்து பாருங்கள்: பல டர்போ இன்ஜின்களில் ஒவ்வொரு லைனரின் (சிலிண்டரின் உட்குழாய்) அடியிலும் பிஸ்டனை நோக்கி ஆயிலைப் பீய்ச்சும் சிறு குழாய் ஒன்று இருக்கும். அது இல்லாத இன்ஜினில் டர்போவை மாட்டி, அதிக டீசல் வரும்படி பம்ப்பையும் கூட்டி வைத்தால், குவாரிப் பள்ளத்திலிருந்து முழு லோடுடன் முதல் கியரில் ஏறும்போது பிஸ்டனின் தலை வெந்து வெடிக்கும். பம்ப்பைக் கூட்டாமல் டர்போவை மட்டும் மாட்டினால் செலவுக்கேற்ற இழுவை கிடைக்காது.

இழுவை கட்டாயம் வேண்டுமென்றால், முழு டர்போ இன்ஜினையே ரேடியேட்டருடன் மாற்றுங்கள். கிளட்ச்சும் கியர்பாக்ஸும் அந்த இழுவையைத் தாங்குமா என்பதை முதலில் மெக்கானிக்கிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இன்ஜினை மாற்றுவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்று, பதிவுச் சான்றிதழில் புதிய இன்ஜின் எண்ணைச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: நான்கு சிலிண்டர் இன்ஜினைவிட ஆறு சிலிண்டர் இன்ஜினில் அதிர்வு குறைவாக இருப்பது ஏன்?
– கல்லூரி மாணவி, தர்மபுரி

பதில்: மிக நல்ல கேள்வி. அசோக் லேலண்டின் எச் வரிசை இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ஜப்பானின் ஹினோ நிறுவனத் தொழில்நுட்பத்தில் பிறந்த அந்த வரிசையில் நான்கு சிலிண்டரும் உண்டு, ஆறு சிலிண்டரும் உண்டு. இரண்டிலும் போர் 104 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 113 மில்லிமீட்டர். ஆகவே ஒன்று சுமார் 3.84 லிட்டர், மற்றது 5.76 லிட்டர்.

பிஸ்டன் தன் பாதையின் மேல் பாதியில் வேகமாகவும் கீழ்ப் பாதியில் மெதுவாகவும் நகர்கிறது. நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது இரண்டு கீழே வந்தாலும், இந்த வேக வித்தியாசத்தால் விசைகள் முழுமையாக ஈடாவதில்லை. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு முறை ஓர் உதறல் எழுகிறது. வரிசையாக அமைந்த ஆறு சிலிண்டரில் கிராங்க்கின் கைகள் 120 பாகை இடைவெளியில் இருக்கின்றன. 1-6, 2-5, 3-4 எனப் பிஸ்டன்கள் இணை இணையாக ஏறி இறங்குவதால் அந்த உதறலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடுகிறது. எரிப்பும் 1-5-3-6-2-4 என்ற வரிசையில் 120 பாகைக்கு ஒருமுறை நிகழ்கிறது. நான்கு சிலிண்டரில் 180 பாகைக்கு ஒருமுறைதான். இந்த அமைப்பிலும் ஒரு குறை உண்டு: நீளமான கிராங்க் முறுக்கிக்கொள்ளும். அதை அடக்கவே முன்பக்கப் புல்லியில் டாம்பர் என்னும் அதிர்வு தணிப்பானைப் பொருத்துகிறார்கள். அதன் ரப்பர் பிய்ந்துபோனால் உடனே மாற்றிவிட வேண்டும், இல்லையேல் கிராங்க்கே உடையலாம்.

கேள்வி: தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கச் சொல்கிறார்கள். சரியா?
– லாரி ஓட்டுநர், பாலக்கோடு

பதில்: தவறு ஐயா, பெருந்தவறு. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால், பழைய பம்ப்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் சரி, புதிய காமன் ரயில் வகை இன்ஜினின் கணினியும் சரி, டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஐட்லிங்குக்காக டீசலைக் குடிக்கும்; வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுவதும் பிரேக் டிரம்மின் மேல் விழும். புகைக்குழாயை அடைத்து இன்ஜினின் வேகத்தை அடக்கும் எக்சாஸ்ட் பிரேக்கும் இன்ஜின் சக்கரத்தோடு இணைந்திருந்தால்தான் வேலை செய்யும். சேலம் பக்கம் இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எக்சாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். இறக்கத்தின் நடுவில் கியர் மாற்ற முயன்றால் கியர் விழாமல் வண்டி கைமீறிவிடக்கூடும்.