முதலில் பாடத்திட்டம், அப்புறம் பயிற்சி மையம்

ஐ.டி. சான்றிதழ்த் தேர்வுகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, நெட்வொர்க், லினக்ஸ் பயிற்றுநர்கள் பதில் தருகிறார்கள்.

பி.எஸ்சி. கணினி அறிவியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ எழுத ஆசை. ஒரு மையத்தில் 45 நாள், 18,000 ரூபாய். இன்னொன்றில் மூன்று மாதம், 35,000 ரூபாய். எதில் சேரலாம்? – மாணவி, மதுரை

நாள் கணக்கை விடுங்கள், மணிக் கணக்கைக் கேளுங்கள். தினமும் ஒன்றரை மணி நேரம் என்றால் 45 நாளில் 67 மணி நேரத்துக்கு மேல் வந்துவிடும். மூன்று மாத வகுப்பு சனி, ஞாயிறு இரண்டிரண்டு மணி நேரம் மட்டும் என்றால் 12 வாரத்துக்கு 48 மணிதான். அதிலும் நீங்கள் கீபோர்டில் கை வைக்கும் நேரம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. வெறும் ஸ்லைடு காட்டுவதற்கு 18,000 ரூபாயே அதிகம்.

மையத்துக்குப் போகும் முன் சிஸ்கோ தளத்தில் 200-301 என்ற எண்ணுள்ள சிசிஎன்ஏ தேர்வின் பாடத்திட்டத்தை இறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். இலவசம்தான். 2024 ஆகஸ்டில் அது 1.1 என்று திருத்தப்பட்ட பிறகும் பழைய நோட்ஸையே ஓட்டுகிறவர்கள் உண்டு. அதனால் சேரும் நாளில் எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்று பாருங்கள். 1.1-இல் ஐபி கனெக்டிவிட்டிக்கு மட்டும் 25 சதவீதம், செக்யூரிட்டிக்கு 15, ஆட்டோமேஷனுக்கு 10. கடைசி இரண்டையும் 'ஒரு நாள்ல முடிச்சிடலாம்' என்று சொல்லும் மையத்தில் கால் பங்கு மதிப்பெண் காற்றில் போகும்.

டெமோ வகுப்பில் உட்கார்ந்து ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: "192.168.10.0/24 நெட்வொர்க்கை நான்காகப் பிரிக்க வேண்டும், சார்." /26, மாஸ்க் 255.255.255.192, கடைசி எண்ணின் தொடக்கங்கள் 0, 64, 128, 192, ஒவ்வொன்றிலும் 62 ஹோஸ்ட் (இணைக்கக்கூடிய கருவிகள்) என்பது விடை. எல்லோரும் இதைச் சொல்லிவிடுவார்கள். அடுத்த கேள்விதான் சோதனை: "இதை ஓஎஸ்பிஎஃபில் எப்படி அறிவிப்பது?" ரூட்டர்கள் தங்களுக்குள் வழித்தகவலைப் பகிர்ந்துகொள்ளும் முறைதான் ஓஎஸ்பிஎஃப். 255-இலிருந்து 192-ஐக் கழித்தால் 63, ஆகவே வைல்டுகார்டு (மாஸ்க்கின் தலைகீழ்) 0.0.0.63 என்று பலகையில் போட்டுக் காட்டி, உடனே சிஸ்கோவின் பயிற்சி மென்பொருளான பாக்கெட் டிரேசரில் செய்யவும் வைத்தால் நல்ல ஆசிரியர். இதையெல்லாம் மனக்கணக்காகப் போட வராதவர்கள் தேர்வில் திணறுவார்கள். 120 நிமிடம்தான், விட்ட கேள்விக்குத் திரும்பிப் போகவும் முடியாது.

லேபில் பழுதை வேண்டுமென்றே உண்டாக்கித் திருத்த வைக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒரு ரூட்டரில் ஓஎஸ்பிஎஃபின் ஹலோ டைமரை (ஹலோ செய்தி அனுப்பும் இடைவெளி) 10 நொடியிலிருந்து 5 ஆக்கினால், சிறிது நேரத்தில் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' கட்டளை காட்டும் பட்டியல் வெறுமையாகும். ஆனால் பக்கத்து ரூட்டருக்கு பிங் (தொடர்பைச் சோதிக்கும் கட்டளை) போய்க்கொண்டே இருக்கும். ஏன் என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டவருக்கு அது மறக்காது. இரு பக்கமும் ஒத்துப்போகாததுதான் காரணம். ஏரியா எண், சப்நெட் மாஸ்க் மாறினாலும் இதே கதிதான்.

தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரி தனி. பயிற்சிக் கட்டணத்தில் இது அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். எதற்கும் முன்னால், உங்கள் கல்லூரியில் 'நான் முதல்வன்' திட்டத்திலோ சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி வழியாகவோ இந்தப் பாடம் நடக்கிறதா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். நடந்தால் இரண்டு மையமும் வேண்டாம்.

சர்வர் சப்போர்ட்டில் இருக்கிறேன். ரெட் ஹேட்டின் லினக்ஸ் சான்றிதழான ஆர்ஹெச்சிஎஸ்ஏ எழுத வீடியோ கோர்ஸ் போதுமா? – வாசகர், கோவை

வேலையில் தினமும் லினக்ஸ் தொடுகிறீர்கள் என்றால் போதும். ஆனால் வீடியோ பார்ப்பது படிப்பல்ல. அதற்கான இஎக்ஸ்200 தேர்வில் கொள்குறி வினாவே கிடையாது. 3 மணி நேரம் உண்மையான மெஷினில் வேலை செய்து முடிக்க வேண்டும், 300-க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. நீங்கள் செய்த அமைப்பு ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். பலர் விழுவது இங்கேதான்.

எந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், டிஸ்க்கின் அடையாளமான யுயுஐடியில் ஓர் எழுத்து தப்பினாலும், ரீபூட் ஆகும் மெஷின் ஒன்றரை நிமிடம் அந்த டிஸ்க்குக்காகக் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். சேமித்ததும் கோப்பைச் சரிபார்க்க 'ஃபைண்ட்எம்என்ட் --வெரிஃபை', பிறகு டிஸ்க்கை இணைத்துப் பார்க்க 'மவுன்ட் -ஏ', இரண்டும் பிழை காட்டாமல் முடிந்தால் மட்டும் ரீபூட். ஃபயர்வாலிலும் இப்படி ஒன்று: '--பெர்மனன்ட்' போடாமல் போர்ட்டைத் திறந்தால் இப்போது வேலை செய்யும், ரீபூட்டில் காணாமல் போகும். போட்டுவிட்டு 'ரீலோட்' மறந்தால் இப்போது வேலை செய்யாது.

8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் ஓடும். ரெட் ஹேட்டின் டெவலப்பர் சந்தா தனிநபருக்கு இலவசம். ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் ரீபூட் செய்து காட்டும் கோர்ஸை எடுங்கள். அதைச் செய்யாதது எத்தனை ஸ்டார் வாங்கியிருந்தாலும் வேண்டாம்.

'டம்ப்' படித்தால் நூறு சதவீதம் பாஸ் என்கிறார்களே? – வாசகி, திருநெல்வேலி

வெளியே கசிந்த வினாக்கள் அவை. பிடிபட்டால் சான்றிதழ் ரத்து, அடுத்த தேர்வுகளுக்கும் தடை. பிடிபடாவிட்டாலும் நேர்காணலில் மேலே சொன்ன ஹலோ டைமர் கேள்வி ஒன்றே போதும். டம்ப்பைப் பாடநூலாகக் கொடுக்கும் மையத்தைவிட்டு அன்றே கிளம்பிவிடுங்கள்.

மகனைச் சேர்க்கப் போன இடத்தில் 'வேலை நிச்சயம், இஎம்ஐயில் கட்டலாம்' என்று ஆதார் நகலும் கையெழுத்தும் கேட்கிறார்கள். போடலாமா? – வாசகர், சேலம்

அவசரப்பட்டுப் போடாதீர்கள், ஐயா. பல இடங்களில் அந்தத் தவணை மையத்துக்குக் கட்டுவதல்ல. ஒரு நிதி நிறுவனம் உங்கள் மகன் பெயரில் தரும் கடன். முழுப் பணமும் முதலிலேயே மையத்துக்குப் போய்விடும். வகுப்பு நின்றாலும் தவணை நிற்காது, தவறினால் சிபில் மதிப்பெண் அடிபடும். கடன் கொடுப்பவர் யார், ஆண்டு வட்டி மொத்தம் எவ்வளவு என்பது 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' தாளில் இருக்க வேண்டும். செயலி வழிக் கடன் என்றால் அபராதமின்றி விலகிக்கொள்ளக் குறைந்தது ஒரு நாள் அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

ரசீதில் 'பிளேஸ்மென்ட் அசிஸ்டென்ஸ்' என்று இருந்தால் அது நேர்காணலுக்கு அனுப்பும் உதவி மட்டுமே, வேலை உறுதி அல்ல. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். 50,000 என்று சொன்னது 59,000 ஆகும். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். ஏமாந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்ல அவைதான் சான்று.

ஒருமுறை வாங்கிய சான்றிதழ் எத்தனை காலம் செல்லும்? – வாசகர், ஓசூர்

சிசிஎன்ஏ, ஆர்ஹெச்சிஎஸ்ஏ, அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் சான்றிதழ்கள் எல்லாம் 3 ஆண்டு. மைக்ரோசாஃப்ட்டின் அசோசியேட் நிலைச் சான்றிதழ் ஓராண்டுதான், ஆனால் காலாவதிக்கு 6 மாதம் முன்பிருந்தே வீட்டிலிருந்தபடி இலவசமாகப் புதுப்பிக்கலாம். அந்தத் தேதியைத் தவறவிட்டால் மறுபடி கட்டணம் கட்டி முழுத் தேர்வையும் எழுத வேண்டும்.