மை வாங்கி மாளவில்லை: வீட்டுக் கணினி கேள்வி-பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்த நான்கு கேள்விகளுக்கு இங்கே பதில். நான் கடைக்காரன் இல்லை. பழைய பிரிண்டரைப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டும்போது இரண்டு திருகாணி மிச்சம் வைக்கிற ஆள். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

கேள்வி: மூன்று பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். போன வருடம் டவுனில் 199 வெள்ளிக்குப் பிரிண்டர் வாங்கினோம். மாதம் ஒரு மைப்பெட்டி கேட்கிறது. கறுப்பு 45 வெள்ளி. 180 பக்கம் வரும் என்று போட்டிருக்கிறது, அதுகூட வருவதில்லை. மை வாங்கி மாளவில்லை. இதையே வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. 45 வெள்ளியை 180ஆல் வகுத்தால் பக்கத்துக்கு 25 காசு. பள்ளிக்கு எதிரே உள்ள போட்டோஸ்டேட் கடையில் 20 காசு வாங்கினால் அதுவே உங்களுக்கு மலிவு. அந்த 180 பக்கமும் சும்மா வராது. பக்கத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு இடத்தில்தான் மை விழும் என்று வைத்துப் போடுகிற கணக்கு அது. ஒரு சின்னக் கடிதம் அளவுக்கு எழுத்து இருந்தால் சரியாக இருக்கும். பிள்ளைகளின் பயிற்சித்தாளில் யானை, பூனை, தடித்த கட்டம் எல்லாம் இருக்குமே, அதற்கு எங்கே போவது?

மாதம் ஒரு பெட்டி என்றால் வருடத்துக்குக் கறுப்பு மைக்கு மட்டும் 540 வெள்ளி. பிரிண்டரை மாற்றுங்கள். உங்கள் வீட்டுக்கு மைத்தொட்டிப் பிரிண்டர்தான் பொருத்தம், அதாவது பெட்டி மாற்றாமல் குப்பியிலிருந்து மை ஊற்றிக்கொள்கிற வகை. வாங்கும்போது விலை கூட. ஆனால் எப்சன் எல்3210 மாதிரியான ஒன்றில் ஊற்றும் 003 கறுப்பு மைக் குப்பிக்கு 4,500 பக்கம் என்று கம்பெனி கணக்குச் சொல்கிறது. குப்பி 30 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம், பக்கத்துக்கு ஒரு காசுகூட ஆகாது. முதல் தடவை ஊற்றும் மை அவ்வளவு பக்கம் வராது, பயப்படாதீர்கள். உள்ளே இருக்கும் குழாய்கள் நிரம்பவே கொஞ்சம் போய்விடும்.

மைப் பிரிண்டர் சும்மா கிடக்கக் கூடாது. பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் தொடாமல் விட்டால், தாளில் மை தெளிக்கிற தலையில் மை காய்ந்துவிடும். வாரம் ஒரு முறை நான்கு நிறமும் வருகிற மாதிரி ஒரு பக்கம் அடித்துவிடுங்கள். கோடு விடுகிறதா? உடனே 'ஹெட் கிளீனிங்' பொத்தானை அமுக்காதீர்கள், அது மையைக் குடிக்கும். முதலில் 'நாசில் செக்' தாள் ஒன்று எடுத்துப் பாருங்கள். படிக்கட்டு மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள் வரும். எந்த நிறத்தில் படி உடைந்திருக்கிறதோ அதுதான் அடைத்திருக்கிறது. இரண்டு தடவை சுத்தம் செய்தும் சரியாகவில்லையா, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுக் காலையில் பாருங்கள். பல தடவை அடைப்பு ஊறித் தானாகத் திறந்துகொள்ளும். சுத்தம் செய்யும்போது வழிகிற மை போய்ச் சேர உள்ளே ஒரு பஞ்சுப் பட்டை இருக்கிறது. அது நிறைந்துவிட்டால் பிரிண்டர் அடம்பிடித்து நின்றுவிடும். வாங்கும்போதே அதை மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் எட்டு வெள்ளிக்கு விற்கிற மைக் குப்பியை நானும் ஒரு தடவை ஊற்றிப் பார்த்தேன். மூன்று மாதத்தில் கறுப்பு பாசி நிறத்துக்கு வந்தது, தலையும் போனது. இரண்டு குப்பிக்கு 16 வெள்ளி கொடுத்து மிச்சம் பிடித்த கணக்கு எனக்கு.

மாதத்துக்குப் பத்துப் பக்கம்தான் அடிக்கிற வீடாக இருந்தால் கறுப்பு லேசர் வாங்கச் சொல்வேன். அதில் இருப்பது மைத்தூள், காய்கிற பேச்சே இல்லை. ஆனால் அதை யூபிஎஸ்ஸில், அதாவது மின்சாரம் போனால் கைகொடுக்கும் பேட்டரிப் பெட்டியில், செருகாதீர்கள். தூளை உருக்க அது சட்டென்று இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யூபிஎஸ் தாங்காது.

நம் ஊர் ஈரத்துக்கு ஒரு குறிப்பு. தாள் கட்டைப் பிரித்து வெளியே வைத்தால் ஈரம் குடித்துச் சுருண்டுகொள்ளும், அப்புறம் சிக்கும். தீபாவளிக்கு வந்த பெரிய பிஸ்கட் டின் காலியாக இருக்குமே, அதில் போட்டு மூடிவையுங்கள். தாளை இழுக்கிற உருளை வழுக்க ஆரம்பித்தால், நனைத்துப் பிழிந்த, நூல் உதிராத துணியால் துடைத்தால் போதும். அதுவும் ரப்பர்தான். பால் மரத்தை நம்பி வளர்ந்த ஊரில் அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

கேள்வி: தாத்தா 'ராஜூலா' கப்பலில் வந்தவர். அவருடைய பாஸ்போர்ட், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பழைய கல்யாணப் படங்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் பூச்சி அரித்துக் கிடக்கின்றன. இவற்றைக் கணினியில் ஏற்ற, பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனர் போதுமா? விளம்பரத்தில் 9600 டிபிஐ என்று ஒன்று போட்டிருக்கிறானே, அதை வாங்கலாமா?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு கோப்பி வாங்கித் தரலாம். தமிழகத்திலிருந்து இங்கே ஆள் ஏற்றிவந்த அந்தக் கப்பல் 1973 வரைதான் ஓடியது. அப்போது வந்தவர்களின் காகிதங்கள் இன்னும் எத்தனை வீட்டில் பத்திரமாக இருக்கும்?

டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. 9600 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அந்த மாதிரிப் பெரிய எண்களில் பல, இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே மென்பொருள் இட்டுக்கட்டிய புள்ளிகளையும் சேர்த்துச் சொல்வது. ஸ்கேனர் நிஜமாகவே பிடிக்கிற புள்ளி 'ஆப்டிகல்' என்று எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். சீட்டு, கடிதத்துக்கு 300 போதும், படத்துக்கு 600. நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600இல் எடுத்தால் 2400க்கு 3600, அதாவது 86 இலட்சத்துக்கு மேல் புள்ளிகள். சுவரில் மாட்டப் பெரிதாக்கினாலும் தாங்கும்.

தட்டையான சீட்டுக்கும் படத்துக்கும் பிரிண்டரில் உள்ள ஸ்கேனரே போதும். பாஸ்போர்ட்தான் சிக்கல். மலிவு ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ் வகை. கண்ணாடியில் ஒட்டியிருப்பது மட்டும்தான் அதற்குத் தெளிவு. புத்தகம் தைத்த இடத்தில் பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டால் அங்கே எழுத்து கலங்கிவிடும். சிசிடி வகை அந்த மேட்டையும் பிடிக்கும், ஆனால் பருமன், விலையும் கூட. ஒரே ஒரு பாஸ்போர்ட்டுக்காக அதை வாங்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, கைப்பேசியை நேர் மேலே பிடித்துப் படம் எடுங்கள். தைத்த இடத்தை அழுத்தி நசுக்கவே கூடாது.

ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்கவும் வேண்டாம், பக்கத்தோடு எடுங்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பேறியது, மைக்கறை எல்லாம் பின்னால் பிரித்து எடுக்க உதவும். படத்தின் பின்புறத்தையும் எடுங்கள், பெயரும் தேதியும் அங்கேதான் இருக்கும். மூலத்தைத் தரம் குறையாத 'டிஃப்' கோப்பாக வைத்துக்கொண்டு, உறவுக்கு அனுப்ப அளவு சிறிய 'ஜேபெக்' பிரதி போதும். இரண்டு இடத்தில் சேமியுங்கள், ஒன்று உங்கள் தம்பி வீட்டில் இருக்கட்டும். பழைய ஸ்கேனர் ஒன்று சும்மா கிடந்து, புதிய விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை என்றால் தூக்கிப் போடாதீர்கள். வியூஸ்கேன் மென்பொருள் பல பழைய கருவிகளை எழுப்பிவிடும். காசு கட்டவேண்டும், ஆனால் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

கேள்வி: மகனின் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது. இனி அது பாதுகாப்பில்லை, புதியது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பாதி உண்மை. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டுக்காரர்கள் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11 ஏறுமா என்பதை மைக்ரோசாப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற மென்பொருள் சொல்லிவிடும். உள்ளே இருக்கும் செயலி இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் வேண்டும். ஐ5-7200 என்று ஒட்டியிருந்தால் அது ஏழாம் தலைமுறை, ஏறாது. அதற்கும் வழி இருக்கிறது: விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள், செலவில்லை. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் சுழலாத, வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்று மாற்றிக் கொடுங்கள், மகன் வேறு லேப்டாப் என்று நினைப்பான்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய பிரிண்டர் இரண்டு மாதத்தில் செத்துவிட்டது. விற்றவர் இடி விழுந்திருக்கும், பொறுப்பில்லை என்கிறார். என்ன செய்வது?

மழை கறுத்தால் நாம் எல்லாரும் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள்தான். இடிதான் காரணம் என்றால் அதை எப்படிக் கண்டார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த மன்றம் அது. கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். இணையத்திலேயே பதியலாம்.

விற்றவரோடு பேசிய குறுஞ்செய்திகளைப் படம் பிடித்து வையுங்கள். ரசீது சூட்டில் அச்சாகும் வழவழத் தாளில் இருந்தால் நாளாக ஆக மங்கி வெள்ளையாகிவிடும், இன்றைக்கே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். உங்கள் ஸ்கேனர்தான் செத்துக் கிடக்கிறதே, சரி, கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள்.