கண்காட்சியில் மெஷின் வைத்துக் காட்டி விற்கும் இன்ஜின் ஆயில் அடிட்டிவை (ஆயிலோடு கலக்கும் திரவத்தை) நம்பி வாங்கலாமா?

வாங்காதீர்கள். பைக்குக்கு என்றால் தொடவே தொடாதீர்கள்.

கேட்டவர் அந்த மெஷினை நேரில் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். வண்டி அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும், இன்ஜினில் சத்தம் வர ஆரம்பித்திருக்கும், மெக்கானிக் போர் வேலை, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் வேலை, என்று ஒரு தொகை சொல்லியிருப்பார். 2014-இல் எனக்கும் அதே நிலைமை. மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். அங்கே ஒரு ஸ்டால் முன்னால் அரைமணி நேரம் நின்றேன்.

நான் ஐடிஐ டர்னர். கடலூர் முதுநகரில் இருபது வருஷமாக லேத் வேலை. இன்ஜினியர் இல்லை, அதனால் யாரும் பட்டம் கேட்டு வர வேண்டாம். ஆனால் இரும்போடு இரும்பு உரசினால் என்ன ஆகும் என்பது என் கைக்குத் தெரியும்.

மெஷின் இப்படி இருந்தது. ஒரு மோட்டார், அதன் முனையில் எஃகு வளையம், கீழே சின்னக் கிண்ணத்தில் ஆயில். வளையம் ஆயிலில் நனைந்தபடி சுற்றும். மேலே நெம்புகோலில் ஒரு பேரிங் உருளையை மாட்டி வளையத்தின் மேல் அழுத்துவார்கள். சாதா ஆயிலில் இரண்டு எடை வைத்ததுமே கீச்சென்று கத்தி மோட்டார் நின்றுவிட்டது. அப்புறம் அதே கிண்ணத்தில் அவர்கள் பாட்டிலிலிருந்து ஒரு மூடி ஊற்றினார்கள். ஆறு எடை, ஏழு எடை வைத்தும் நிற்கவில்லை. 450 ரூபாய் கொடுத்து வாங்கி, அன்று ராத்திரியே என் ஸ்ப்ளெண்டர் பைக்கில் ஊற்றினேன்.

மூன்றாம் வாரம் மனைவியை உட்காரவைத்துக்கொண்டு பாண்டிக்குப் போனேன். ஆல்பேட்டை தாண்டி பெண்ணையாற்றுப் பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்குகிறேன், இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகர மறுக்கிறது. பின்னால் ஒரு பஸ் ஏர் ஹாரனை அடித்தபடி முட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. கடலூர் – பாண்டி ரோட்டில் டைமிங்குக்காக இந்த பஸ்காரர்கள் ஓட்டுகிற ஓட்டத்தைக் கேட்க ஆளே இல்லையா? ஏர் ஹாரன் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கன்னிக்கோயில், கிருமாம்பாக்கம் என்று வழியெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிறார்கள். அன்று மனைவி பயந்து இறங்கிப் பாலத்தின் ஓரமாக நடந்தே வந்தாள். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மெக்கானிக் கிளட்ச் கவரைத் திறந்ததும் கருகிய வாடை. பிளேட்டுகள் கறுத்து, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தன. பைக்கில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கிறது. பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடித்தால்தான் சக்கரம் சுற்றும். உராய்வைக் குறைக்கிறேன் என்று எதையாவது ஊற்றினால் அந்தப் பிடியும் போய்விடும். பைக் ஆயில் பாட்டிலின் பின்பக்கம் ‘ஜாசோ எம்ஏ’ என்று போட்டிருப்பதே இதற்காகத்தான். அந்த ஆயில் கிளட்சை வழுக்க விடாது என்று அர்த்தம்.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. பட்டறையில் கிரைண்டர் மோட்டாரை வைத்து அதே மாதிரி ஒரு மெஷின் செய்தேன். பழைய பேரிங்கின் வெளிவளையம், நெம்புகோலுக்கு ஒரு பட்டைக் கம்பி, எடைக்கு லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ‘ஜா’ என்ற கனமான துண்டு. ஆயிலை ஊற்றி அழுத்தினேன், நின்றது. கிண்ணத்தைத் துடைத்துவிட்டு பொடுகு ஷாம்பு பாக்கெட் நான்கைப் பிழிந்தேன். அவர்கள் பாட்டில் தாங்கிய அளவுக்குத் தாங்கியது! ஷாம்புவை யாராவது இன்ஜினில் ஊற்றுவார்களா?

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. முதல் தடவை உரசியதில் உருளையில் ஒரு தட்டையான தழும்பு விழும். அதைத் திருப்பாமல் அதே இடத்தில் மறுபடி அழுத்தினால் தொடும் பரப்பு கூடியிருக்கும், அழுத்தம் தானாகக் குறைந்துவிடும். ஸ்டாலில் உருளையைத் திருப்பினார்களா என்று நான் கவனிக்கவே இல்லை.

அந்த மெஷினில் நடப்பது பொய் என்று சொல்லவில்லை. ஒரு மயிரிழைக் கோட்டில் அத்தனை எடையையும் ஏற்றினால் ஆயில் பிதுங்கி வெளியே போய்விடும். குளோரின் மாதிரி ரசாயனம் இருந்தால் அந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு படலம் பிடித்துக் காப்பாற்றும். ஆனால் கார் இன்ஜினில் கிராங்க் பேரிங் (பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டைத் தாங்குவது) அப்படித் தொட்டுக்கொண்டு ஓடுவதில்லை, ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு ஓடுகிறது. வால்வைத் திறக்கும் கேம் மாதிரி நிஜமாகவே உரசும் இடங்களுக்கு துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மத்தை ஆயில் கம்பெனியே அளவாகச் சேர்த்துத்தான் தருகிறது. குளோரின் சங்கதியோ சூட்டில் அமிலமாகி பேரிங்கை அரிக்கக்கூடியது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஸ்லிக் 50 என்ற பிரபலமான அடிட்டிவ் இன்ஜின் தேய்மானத்தைக் குறைக்கும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அந்நாட்டு அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1996-இல் நடவடிக்கை எடுத்தது.

“எங்க மாமா ஊற்றினார், சத்தம் குறைந்தது” என்று சிலர் சொல்வார்கள். குறைந்திருக்கலாம். கெட்டியான எதைக் கலந்தாலும் கொஞ்ச நாள் சத்தம் அமுங்கும். தேய்ந்த பிஸ்டன் ரிங் அதனால் வளராது. அதே மாமா மெக்கானிக்கிடம் ஐம்பது ரூபாய் கூலிக்குப் பேரம் பேசியிருப்பார், அதுதான் எனக்கு வருத்தம்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டிருந்தால் இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை வடியுங்கள். புது ஆயில் ஊற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதையும் வடித்து மறுபடி மாற்றுங்கள். அதற்குப் பிறகும் பாலம் ஏறும்போது இன்ஜின் மட்டும் உறுமினால் கிளட்ச் பிளேட்டை மாற்றித்தான் ஆக வேண்டும்.