ஒவ்வொரு கணக்காகத் தடுத்து மாளாது

வணக்கம். உங்கள் சிறிய மாஸ்டடான் (தனித்தனி சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் சமூக வலைத்தளம்) சர்வரில் வெளி சர்வர்களிலிருந்து ஸ்பேம் மென்ஷன்கள் (பயனர்களின் பெயரைக் குறிப்பிட்டு வரும் குப்பைப் பதிவுகள்) கொட்டுகின்றன, கணக்கு கணக்காகத் தடுத்தும் தீரவில்லை, வெளித்தொடர்பையே மூடிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மூடாதீர்கள்.

கணக்கை விட்டுவிட்டு அது வரும் டொமைனை, அதாவது சர்வரின் முகவரியைப் பாருங்கள். பெரும்பாலும் யாரும் சேரலாம் என்று திறந்துபோட்டு, நிர்வாகி எட்டிப் பார்க்காத சர்வராக இருக்கும். 2024 பிப்ரவரி ஸ்பேம் அலையும் அப்படிப்பட்ட சர்வர்கள் வழியாகத்தான் பரவியது. அந்த டொமைனுக்கு முதலில் லிமிட் (முழுதாகத் தடுக்காமல் மட்டுப்படுத்துவது) மட்டும் போடுங்கள். பின்தொடராதவர்களின் அறிவிப்பில் அந்தக் குப்பை வந்து விழாது. எடுத்த எடுப்பில் சஸ்பெண்ட் செய்தால், அதாவது முழுதாகத் தடுத்தால், அங்குள்ள நல்லவர்களுடன் உங்கள் பயனர்களுக்கு இருக்கும் பின்தொடர்தல்களும் அறுந்துபோகும். பிறகு தடையை விலக்கினாலும் அவை தானாகத் திரும்பாது. ஒரு ஸ்பேமருக்காகப் பத்துப் பேரின் நட்பை வெட்டுவது நியாயமே இல்லை.

அப்புறம், மாஸ்டடான் 4.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறுங்கள். 30 நாளுக்குள் தொடங்கிய கணக்குகளின் அறிவிப்பைத் தனியே ஒதுக்கும் வசதி அதில் உண்டு. அதைப் பயனர்களே அமைக்க வேண்டும், எனவே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் சர்வரில் பதிவு திறந்திருந்தால் இன்றே ஒப்புதல் முறைக்கு, அதாவது நீங்கள் அனுமதித்தால் மட்டுமே சேர முடியும்படி மாற்றுங்கள்.