அம்மா அப்பாவின் உடல்நல உதவித்தொகை மறுக்கப்பட்டால்: பிரிட்டன் வாழ் தமிழர்களுக்கான கேள்வி பதில்

இங்கே சொல்லப்படும் விதிகள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. தொகைகள் 2025–26 நிதியாண்டுக்கானவை.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கை சரியாக வேலை செய்வதில்லை. பிப் (பர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட், ஊனமோ நீண்ட கால நோயோ உள்ளவர்களுக்கான உதவித்தொகை) கேட்டு விண்ணப்பித்தோம். 4 புள்ளிதான் என்று மறுத்துவிட்டார்கள். அடுத்து என்ன செய்வது?

முதலில் கடிதத்தின் மேலே இருக்கும் தேதியைப் பாருங்கள். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாள் கணக்கில்லை. அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் ‘மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன்’, அதாவது மறுபரிசீலனை கேட்டாக வேண்டும். இந்தப் படியைத் தாண்டாமல் டிரைபியூனலுக்கு, அதாவது அப்பீலை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு, போக முடியாது. உதவித்தொகை தரும் அரசுத் துறையிடம் (டி.டபிள்யூ.பி.) போனில் கேட்கலாம், கேட்டதை அன்றே எழுத்திலும் அனுப்பி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே போனில் மதிப்பீட்டாளர் எழுதிய அறிக்கையின் நகலையும் கேளுங்கள். அதைப் படிக்காமல் மறுப்பு எழுதுவது இருட்டில் கல்லெறிவதுதான். அறிக்கை வரட்டும் என்று காத்திருந்து கெடுவை விட்டுவிடாதீர்கள். “மறுபரிசீலனை கேட்கிறேன், அறிக்கை கிடைத்ததும் விவரங்களை அனுப்புகிறேன்” என்று முதலில் பதிந்துவிடுங்கள். மாதம் ஏற்கெனவே கடந்துபோயிருந்தாலும், முடிவுத் தேதியிலிருந்து 13 மாதம் வரை, தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டிக் கேட்க வழி உண்டு. ஆஸ்பத்திரியில் இருந்தது, கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லாதது எல்லாம் காரணங்களே. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

4 புள்ளியைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அன்றாட வாழ்க்கைப் பகுதியில் 8 புள்ளி வந்தால் சாதாரண விகிதம், 12 வந்தால் உயர் விகிதம். புள்ளிகள் சிறுகச் சிறுகத்தான் சேரும். சமைக்க உதவிக் கருவி தேவை என்றால் 2, குளியல் தொட்டியில் ஏறி இறங்க ஆள் வேண்டும் என்றால் 3, இடுப்புக்குக் கீழே உடுத்திவிட ஆள் வேண்டும் என்றால் 2, மாத்திரையை நினைவூட்ட வேண்டும் என்றால் 1. அதோடு 8 ஆகிவிட்டது. ஒற்றைக் கையால் காய் நறுக்க முடியாமல் வேறொருவர்தான் நறுக்கித் தருகிறார் என்றால் சமையலுக்கே 4.

கேள்வி: மறுபரிசீலனைக் கடிதத்தில் என்ன எழுதுவது? நோய்களின் பட்டியலை ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே.

அங்கேதான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. நோயின் பெயருக்குப் புள்ளி கிடையாது. ஒரு வேலையை அவரால் எப்படிச் செய்ய முடிகிறது என்பதற்குத்தான் புள்ளி. பிப் விதிகள் நான்கு விஷயங்களைக் கேட்கின்றன: ஆபத்தில்லாமல் செய்கிறாரா, ஏற்கத்தக்க அளவுக்குச் செய்கிறாரா, தேவைப்படும்போதெல்லாம் திரும்பச் செய்ய முடிகிறதா, நியாயமான நேரத்துக்குள் முடிக்கிறாரா. ஊனமில்லாத ஒருவருக்கு அதிகபட்சம் ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனால் அது நியாயமான நேரம் இல்லை. இந்த நான்கில் ஒன்று தவறினாலும், அந்த வேலையை அவரால் செய்ய முடியாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி என்பதுதான் கணக்கு.

அறிக்கையில் “தானே உடுத்திக்கொள்கிறார்” என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “இல்லை, முடியாது” என்று மட்டும் பதில் எழுதினால் அது நிற்காது. இப்படி எழுதுங்கள்: “கட்டிலில் உட்கார்ந்தபடி வலது கையால் சட்டையை இழுத்து மாட்டுகிறார். பொத்தான் போட வராது, அதை மகள் போட்டுவிடுகிறார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் இழுக்க எழுந்து நிற்க வேண்டும், நின்றால் சாய்கிறார். தனியாக முயன்றால் அரை மணி நேரம் ஆகிறது, பிறகு களைத்துப் படுத்துவிடுகிறார்.” ஒவ்வொரு வேலைக்கும் இந்த அளவு விவரம் வேண்டும். விழுந்திருந்தால் எப்போது, எங்கே, யார் தூக்கினார்கள் என்பதையும் சேருங்கள்.

சில நுணுக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். குனிந்து ஓவனிலிருந்து எடுக்க முடியாது என்று எழுதிப் பயனில்லை, ஏனென்றால் இந்த விதியில் சமைப்பது என்றால் இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ உணவைச் சூடாக்குவது. குளியலில் இதற்கு நேர்மாறு. வீட்டில் வசதிக்காக மாற்றியமைத்த ஷவர் இருந்தாலும், மாற்றம் செய்யாத சாதாரணத் தொட்டியிலோ ஷவரிலோ ஏறி இறங்க முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். அறிக்கையில் “புதிய ஷவரைத் தடையின்றிப் பயன்படுத்துகிறார்” என்று இருந்தால் இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அதற்குப் புள்ளி உண்டா?

இல்லை. தாய்மொழியில் எழுதியதை வாசித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்பதுதான் கேள்வி. பக்கவாதத்துக்குப் பிறகு தமிழும் வாசிக்க முடியாமல் போயிருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: போன் மதிப்பீட்டில் நானே அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் எல்லாக் கேள்விக்கும் “பரவாயில்லை, சமாளிக்கிறேன்” என்றார். இப்போது அதுவே எங்களுக்கு எதிராக நிற்கிறது.

நம் பெற்றோர் அப்படித்தான் சொல்வார்கள். முன்பின் தெரியாதவரிடம், அதுவும் பிள்ளையின் வாயிலாக, கழிப்பறையில் ஆள் வேண்டும் என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? மதிப்பீட்டுக்கும் டிரைபியூனலுக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். நாள் குறிக்கும்போதே கேட்டு, மறுபடி போன் செய்து உறுதிப்படுத்துங்கள். அப்போது நீங்கள் பக்கத்தில் இருந்து, பராமரிப்பவராக உங்கள் பங்கைச் சொல்ல முடியும்.

மறுபரிசீலனையில் அந்த வார்த்தையைக் குறிப்பிட்டே எழுதுங்கள்: “சமாளிக்கிறேன் என்று அப்பா சொன்னது, மகன் உதவியோடு சமாளிப்பதைத்தான். மொழிபெயர்ப்பாளர் தரப்படவில்லை.” பிறகு எந்த உதவி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று ஒரு வார நாட்குறிப்பு இணையுங்கள். இரவில் எழுந்ததையும் விடாமல் குறியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 61. முதுகும் இதயமும் மோசம். அவருடைய இ.எஸ்.ஏ. (நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான உதவித்தொகை) மறுக்கப்பட்டுவிட்டது.

எந்தக் காரணத்தால் என்று முதலில் பாருங்கள். நியூ ஸ்டைல் இ.எஸ்.ஏ. கிடைக்கக் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் போதிய நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டியிருக்க வேண்டும். மறுத்த காரணம் அது என்றால், எத்தனை டாக்டர் கடிதம் வைத்தாலும் பலிக்காது. யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான உதவித்தொகை) பக்கம் போங்கள். அங்கே சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. தம்பதியாக இருந்தால் இருவரின் சேமிப்பும் கணக்கில் வரும்.

வேலை செய்யும் தகுதி இருக்கிறது என்று சொல்லி மறுத்திருந்தால் கதை வேறு. அங்கே 15 புள்ளி வேண்டும், நடப்பதைப் பார்க்கும் விதமும் பிப்பிலிருந்து மாறுபடும். கைச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக முடியுமா என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள். “50 மீட்டர் நடக்க முடியாது” என்று மட்டும் எழுதினால் நாற்காலியைக் காட்டி மறுக்க இடமுண்டு. இதயம் தாங்காது, தோள் வலி, முதுகு வலி என்று சக்கரத்தைத் தானே தள்ள முடியாத காரணத்தையும் எழுதுங்கள்.

அப்பீல் நடக்கும் காலத்தில் வருமானம் அறுந்துபோகாமல் இருக்க, தகுதி இருந்தால் யூனிவர்சல் கிரெடிட் உடனே கேளுங்கள். வேலை தேடும் மணி நேரத்தை உடல்நிலைக்கு ஏற்பக் குறைக்கும்படி வொர்க் கோச்சிடம் (உங்கள் கோரிக்கையைக் கவனிக்கும் வேலை மைய அதிகாரி) கேட்டு, இணையக் கணக்கில் உள்ள ஜர்னலிலும் பதிவு செய்யுங்கள். முடியாத ஒப்பந்தத்துக்குத் தலையாட்டிவிட்டுப் பிறகு பணம் வெட்டப்படும் தண்டத்தில் மாட்டாதீர்கள்.

கேள்வி: ஜி.பி. கடிதம் அவசியமா? காசு கேட்கிறார்கள்.

“நீரிழிவும் மூட்டுவாதமும் உள்ளது” என்ற இரண்டு வரிக்குக் காசு கொடுக்காதீர்கள். மருத்துவப் பதிவின் நகல் உங்கள் உரிமை, அதை இலவசமாகவே கேட்டு வாங்கலாம். பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், நர்ஸ் எழுதியவை பெரும்பாலும் கூடுதல் பலம் தரும். அவர்கள்தான் அம்மாவோ அப்பாவோ எழுவதையும் நடப்பதையும் நேரில் பார்த்தவர்கள்.

கேள்வி: மறுபரிசீலனையிலும் மறுத்துவிட்டார்கள்.

பெரும்பாலோர் இந்த இடத்தில் கைவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். மறுபரிசீலனை முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் எஸ்.எஸ்.சி.எஸ். 1 படிவத்திலோ இணையத்திலோ அப்பீல் செய்யலாம். கட்டணம் இல்லை. விசாரிப்பவர்கள் முடிவெடுத்த துறையைச் சாராதவர்கள். பிப் வழக்கில் ஒரு நீதிபதி, ஒரு டாக்டர், ஊனம் பற்றி அறிந்த ஒருவர் இருப்பார்கள்.

காகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யும் வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நேரிலோ வீடியோவிலோ போனிலோ விசாரணை கேளுங்கள். அம்மா அப்பா சொல்வதைக் கேட்டால்தான் விசாரிப்பவர்களுக்கு நிலைமை புரியும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதைப் படிவத்திலேயே குறியுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். முடிவெடுத்த நாளில் இருந்த நிலைமையைத்தான் டிரைபியூனல் பார்க்கும். அதற்குப் பிறகு உடல் மோசமாகியிருந்தால், புதிதாகவும் விண்ணப்பிக்கலாமா என்று இலவச ஆலோசனை அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸ் அல்லது கவுன்சிலின் நல உரிமை ஆலோசகரிடம் கேளுங்கள். அடுத்து, ஏற்கெனவே ஒரு விகிதம் கிடைத்து அதை உயர்த்தக் கேட்கிறீர்கள் என்றால், குறைக்கவும் டிரைபியூனலுக்கு அதிகாரம் உண்டு. விசாரணைக்கு முன் துறையிலிருந்து போன் செய்து ஒரு விகிதத்தைத் தருவதாகச் சொன்னால் அங்கேயே ஒப்புக்கொள்ளாமல் யோசிக்க நேரம் கேளுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 72, தனியாக இருக்கிறார். பிப் கேட்க முடியாது என்கிறார்கள்.

அரசு ஓய்வூதிய வயதைக் கடந்தவர் புதிதாக பிப் கேட்க முடியாது. அவருக்கு உரியது அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். வருமானமும் சேமிப்பும் பார்ப்பதில்லை. வாரம் 73.90 பவுண்டு, பகலிலும் இரவிலும் உதவி தேவை என்றால் 110.40. ஆறு மாதமாகத் தேவை இருந்திருக்க வேண்டும். உண்மையில் யாராவது உதவுகிறார்களா என்பது முக்கியமில்லை, உதவி தேவையா என்பதே கேள்வி. போனில் படிவம் கேட்டு ஆறு வாரத்துக்குள் திருப்பி அனுப்பினால் போன் செய்த நாளிலிருந்தே கணக்கு.

இது கிடைத்ததும் பென்ஷன் கிரெடிட்டை (குறைந்த வருமானம் உள்ள ஓய்வூதியர்களுக்கான உதவித்தொகை) மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தனியாக இருப்பவருக்கு அதில் வாரம் 82.90 பவுண்டு கூடுதலாக வரலாம். ஆனால் அவரைப் பார்த்துக்கொள்வதற்காக மகளோ மகனோ கேரர்ஸ் அலவன்ஸ் (வாரம் 83.30) வாங்கினால் அந்தக் கூடுதல் நின்றுவிடும். யார் வாங்கினால் வீட்டுக்கு லாபம் என்று கணக்குப் போட்ட பிறகே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: அம்மா விசாவில் இருக்கிறார், பொது நிதி (அரசு தரும் உதவித்தொகைகள்) கூடாது என்ற நிபந்தனை உண்டு.

பிப், அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் இரண்டும் பொது நிதிப் பட்டியலில் உள்ளவை. பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் கேட்காமல் எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள், விசாவுக்கே சிக்கல் வரலாம்.

கேள்வி: அப்பாவுக்கு மறதி நோய். போனில் என்னோடு பேசவே மறுக்கிறார்கள்.

அவரால் இனித் தன் விவகாரங்களைப் பார்த்துக்கொள்ள இயலாது என்றால் நீங்கள் ‘அப்பாயின்டி’ ஆகக் கேளுங்கள். அதிகாரி உங்கள் இருவரையும் சந்தித்து முடிவு செய்வார். பிறகு படிவத்தில் கையெழுத்து, போன், பணம் எல்லாம் உங்கள் பெயரில் நடக்கும், பொறுப்பும் உங்களுடையதே. இது உதவித்தொகைக்கு மட்டும்தான். வங்கிக்கும் வீட்டுக்கும் லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி (அவர் சார்பில் முடிவெடுக்க அதிகாரம் தரும் சட்டப் பத்திரம்) வேண்டும், அதை அவருக்குப் புரியும் நிலை இருக்கும்போதுதான் செய்ய முடியும். இன்னும் நல்ல நாட்கள் இருக்கின்றன என்றால் இந்த வாரமே தொடங்குங்கள்.