முன்பதிவு முடியப் போகிறதே, போட்டுவிடலாமா?

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். வெளியூர் ஆர்டர் பாதிக்கு மேல் வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துத்தான் வருகிறது. அடுத்த வாரம் வரப்போகும் 200 மெகாபிக்சல் போனைப் பற்றித்தான் யூடியூப் முழுக்கப் பேச்சு. ஏஐ கேமரா, 120 வாட் சார்ஜிங் என்கிறார்கள். முன்பதிவுக்கு 4,000 ரூபாய் தள்ளுபடியாம். “உடனே போட்டுடுங்கப்பா” என்று மகன் நச்சரிக்கிறான். போடலாமா?

பதில்: வேண்டாம். போன் கடைக்கு வரட்டும், கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உங்களுக்கு வேண்டியது டைல்ஸ் கல்லின் நிறத்தை உள்ளபடி காட்டும் கேமரா. இத்தனை விளம்பரத்திலும் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

200 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாக எடுக்கும்போது பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து, 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் கொடுக்கும். முழு 200-லும் எடுத்தால் ஃபைல் பெருக்கும், பட்டறை நிழலில் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதையும் வழக்கம்போல் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கித்தான் அனுப்பும். ஆக, அந்த எண்ணுக்காக நீங்கள் கொடுக்கும் பணம் வாங்குபவர் கண்ணுக்குப் போய்ச் சேராது.

எனக்குப் பெரிய கவலை ஏஐ கேமராதான். எதிரே இருப்பது என்னவென்று ஊகித்து, கண்ணைக் கவரும்படி நிறத்தை ஏற்றிக் கொடுப்பது அதன் வேலை. முகத்துக்கும் சாப்பாட்டுக்கும் சரி. நீங்களோ கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டைக் கையால் ஊற்றி ஒரு சிவப்பைக் கொண்டுவருகிறீர்கள். போன் அதைத் தக்காளிச் சிவப்பாக்கி அனுப்பினால், பெங்களூரில் பெட்டியைப் பிரிப்பவர் “படத்தில் பார்த்த கலர் இல்லையே” என்பார். லோடு திரும்பி வந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அதனால் காரைக்குடி கடைக்குப் போகும்போது சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்றும் உள்ள ஒரு கல்லைப் பையில் எடுத்துப் போங்கள். கடைக்குள் எரியும் எல்இடி வெளிச்சத்தில் எடுக்காதீர்கள், வாசல் நிழலில் வைத்து எடுங்கள். செட்டிங்ஸில் டிஸ்பிளேயை, நிறத்தை ஏற்றிக் காட்டும் ‘விவிட்’டிலிருந்து ‘நேச்சுரல்’ என்பதற்கு மாற்றி, திரையையும் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு ஏஐ வசதியை அணைத்துவிட்டு இன்னொரு படம். அணைக்கவே வழியில்லை என்றால் அந்த போன் உங்களுக்கு ஆகாது.

120 வாட் என்பதும் உச்ச வேகம்தான். பேட்டரி காலியாக இருக்கும்போது சற்று நேரம் அந்த வேகம் கிடைக்கும், ஏற ஏறக் குறைந்துவிடும். போன் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் உங்கள் பட்டறையில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) தெரிந்தவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், போனில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரிக்குச் சூடு ஆகாது என்றுதான் அவரும் சொல்வார்.

போன் விற்பனைக்கு வருமுன் வெளியாகும் ரிவ்யூக்கள் பெரும்பாலும் கம்பெனி கொடுத்தனுப்பிய போனைச் சில நாள் வைத்திருந்து பேசுபவை. பேசுபவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் பேட்டரி எப்படித் தேயும், அப்டேட்டுக்குப் பிறகு போன் எப்படி ஓடும் என்பதெல்லாம் அந்தச் சில நாளில் தெரியாது. 2016 ஆகஸ்டில் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7-ஐ ரிவ்யூக்கள் கொண்டாடின. செப்டம்பரில், தீப்பிடிக்கிறது என்று திரும்பப் பெற்றார்கள். மாற்றிக் கொடுத்த போன்களும் தீப்பிடித்ததால் அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். பேட்டரிக் கோளாறுதான் காரணம் என்று 2017 ஜனவரியில் சாம்சங்கே அறிவித்தது. எல்லா போனுக்கும் இப்படி ஆகிவிடாது. ஆனால் அப்படி ஒன்று இருந்தால், அதில் முதலில் மாட்டுபவர் முன்பதிவு செய்தவர்தான்.

தள்ளுபடி போய்விடுமே என்று பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு போன் விலை பெரும்பாலும் சில மாதத்தில் இறங்கும், தீபாவளி ஆஃபரும் வரும். அதைவிட முக்கியம், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் காரைக்குடியில் இருக்கிறதா என்பது. இல்லையென்றால் டிஸ்பிளே போனாலும் மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏற வேண்டும், அன்றைய வேலையும் கெடும்.

அதுவரை இப்போதுள்ள போனிலேயே எடுங்கள். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள். படத்தில் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் கல்லின் நிறமும் மாறியிருக்கிறது என்று அர்த்தம், இடத்தை மாற்றி எடுங்கள். பளபளப்பில் வெளிச்சம் அடித்தால் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். அனுப்பும்போது ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்காது. பெரிய ஆர்டர் என்றால் ஒரு சாம்பிள் கல்லைக் கூரியரில் அனுப்பிவிடுங்கள்.