நானே முதலாளி, நானே டிரைவர்: பேட்டாவை வரியில் கழிக்கலாமா?

கேள்வி: நாமக்கல்லில் சொந்தமாக ஒரு பத்துச் சக்கர லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். ஆர்.சி.யில் மொத்த எடை 28 டன். மாதத்தில் இருபது நாள் வெளியூரில்தான் சாப்பாடும் தூக்கமும். சம்பளத்துக்கு ஓட்டிய காலத்தில் பேட்டாவுக்கு வரி கிடையாது என்றார்கள். இப்போது நாளுக்கு 800 ரூபாய் பேட்டா என்று நானே கழித்துக்கொள்ளலாமா?

பதில்: முடியாது. ஆனால் கவலை வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், கழிக்க வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை.

நீங்கள் கேள்விப்பட்டது சம்பளக்கார டிரைவருக்கான சலுகை. 2025–26 நிதியாண்டில் லாரி கம்பெனி ஊழியருக்கு, ஓட்டத்தில் இருக்கும்போது சொந்தச் செலவுக்குத் தரும் படியில் 70 சதவீதம் அல்லது மாதம் 10,000 ரூபாய், எது குறைவோ அதற்கு வரி இல்லை. அதுவும் பழைய வரி முறையில் இருந்து, தினப்படி தனியாக வாங்காமல் இருந்தால்தான். உங்கள் இடது கை உங்கள் வலது கைக்குக் கொடுக்கும் காசு பேட்டா ஆகாது.

அதே ஆண்டுக்கு உங்களுக்கான வழி வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 44ஏஇ. பத்து லாரிக்கு மேல் வைத்திராதவர் கணக்குப் புத்தகமே எழுத வேண்டாம். 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் லாபம் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. சிறிய வண்டி என்றால் மாதம் 7,500. உங்கள் லாரிக்கு 28,000 பெருக்கல் 12, ஆக 3,36,000 ரூபாய். டீசல், டோல், டயர், கிளீனர் சம்பளம், தேய்மானம், ஃபைனான்ஸ் வட்டி, தாபா சாப்பாடு எல்லாம் கழித்த பிறகு நிற்கும் தொகை இதுதான் என்பது சட்டத்தின் கணக்கு. அதன் மேல் இன்னொரு முறை பேட்டா கழிக்க இடமில்லை. வண்டி இரண்டு மாதம் பட்டறையில் நின்றாலும் அந்த மாதங்களும் சேரும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

2025–26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரி பூஜ்யம். வேறு வருமானம் இல்லையென்றால் நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். இரண்டாவது லாரிக்கு பேங்க் லோன் கேட்பவர்கள் இதைவிடக் கூடுதல் வருமானம் காட்டுவதுண்டு. காட்டினால் அந்தத் தொகைதான் கணக்கு.

நிஜ லாபம் இதைவிடக் குறைவு என்று வாதாட நினைத்தால் முழுக் கணக்கு எழுதி, ஆடிட்டும் செய்ய வேண்டும். அப்போது வழிச்செலவைத் தொழில் செலவாகக் காட்டலாம், ஆனால் ‘நாளுக்கு இவ்வளவு’ என்று ஒரே தொகையாக அல்ல. உண்மையில் செலவான அளவுக்கு மட்டும். ஓட்டல் பில், பார்க்கிங் ரசீது, டிரிப் ஷீட் வேண்டும். எந்த நாள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு ஃபாஸ்டேக் கணக்கே நல்ல சாட்சி. கேபினில் தூங்கிய இரவுக்கு அறை வாடகை எழுதாதீர்கள். கிளீனருக்குத் தரும் பேட்டா தாராளமாகச் செலவுதான், வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள். செக்போஸ்ட் மாமூலை மட்டும் எந்தத் தலைப்பிலும் எழுத முடியாது. சட்டத்துக்குப் புறம்பான செலவுக்குக் கழிவு இல்லை. ஒற்றை லாரிக்காரருக்கு இந்த வழியில் மிஞ்சுவதெல்லாம் ஆடிட்டர் ஃபீசுக்குத்தான் போகும்.

உங்கள் காசு உண்மையில் சிக்குகிற இடம் வேறு. லோடு தரும் கம்பெனி வாடகையில் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வரி, பிடிக்கிறதா என்று பாருங்கள். பத்து லாரிக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியும் பான் எண்ணும் கொடுத்தால் பிடிக்கக் கூடாது. ஏற்கெனவே பிடித்திருந்தால், வரி இல்லாவிட்டாலும் ஐடிஆர்-4 என்ற வரிக் கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.